பர்லியாருக்குக் கீழே விளைந்தது

காரமடை,
5.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுசீலா எழுதுவது. நானும் நம் மகள் கனிஷ்காவும் அண்ணன் வீட்டில் சுகம். போனில் என்றால் மஞ்சூர் சிக்னல் பாதித் திட்டிலேயே அறுந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

கனிஷ்காவின் வளைகாப்புச் சீராகக் கொண்டுபோன ஐந்து பாத்திரங்களையும் குன்னூரில் சம்பந்தி வீட்டுச் சபை நடுவே திறந்தேன். புளிசாதம் எங்கே, தேங்காய்ச் சாதம் எங்கே? கேரட் சாமை, பீட்ரூட் சாமை, முட்டைக்கோஸ் சாமை, உருளைக்கிழங்கு சாமை, தயிர்ச் சாமை! சமையல்கார மூக்கனை எப்போது கைக்குள் போட்டுக்கொண்டீர்கள்? "ஏனுங்க, புள்ளைக்குப் பத்தியமுங்களா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. மானமே போயிற்று.

ஊட்டியில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து, பர்லியாருக்குக் கீழே சமவெளியில் விளைந்த எதுவும் நம் அடுப்பில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறீர்கள். அரிசி, புளி, தேங்காய் எதுவும் ஆகாது. ஆனால் நம் மளிகைக் கடையில் ஊருக்கெல்லாம் அதையே நிறுத்துப் போடுவீர்கள்! நானும் பர்லியாருக்குக் கீழே விளைந்தவள்தான். பிரசவம் இங்கேயே நடக்கும். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
சுசீலா

மஞ்சூர்,
9.2.2025

அன்புள்ள சுசீலா,

கடிதம் கிடைத்தது. கடையில் வைத்துப் பிரித்ததால் டீக்கடை செல்லக்கண்ணுவும் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டான். "அக்கா எழுதுனது நாயந்தானுங்க" என்கிறான், படுபாவி.

போன ஐப்பசியில் மண் சரிந்து பாதை அடைபட்டதே, அப்போது கடையில் என்ன மிஞ்சியது? ஊதுபத்தியும் பினாயிலும். மழை இதைவிடக் கெட்டுப்போனால் நம் பேரக்குழந்தை எதைத் தின்னும்? மலையில் இருப்பவன் மலையில் விளைவதைத் தின்று பழகட்டும் என்றேன். அது குற்றமா? கடையில் விற்பது பிழைப்பு. வீட்டில் தின்பது கொள்கை.

சபையில் உன்னைத் தலைகுனிய வைத்தது தப்புதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாயே! ஆனால் சம்பந்தியம்மா பீட்ரூட் சாமையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். என் கண்ணால் பார்த்தேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டாமா? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்,
குமாரசாமி

காரமடை,
13.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரே ஒரு கேள்வி. உங்கள் கொள்கைச் சாமைக்கு உப்பு எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடி என்ன, மஞ்சூருக்கு மேலேயா இருக்கிறது?

இனி எழுதுவதைப் படித்துச் சிரிக்கக் கூடாது. செல்லக்கண்ணுவுக்கும் காட்டக் கூடாது. கனிஷ்காவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. டாக்டரம்மா அரிசியைக் குறைத்துச் சாமை கொடுக்கச் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லையாம்.

அண்ணி வடித்தால் பசையாகிறது, நான் வடித்தால் அடிப்பிடிக்கிறது. இவளோ தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பா செய்யற மாதிரி வேணும்" என்று நேற்று அழுதேவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சாமையைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள், எப்படி வடிப்பது என்றும் எழுதுங்கள். அதுபோதும்.

சுசீலா

மஞ்சூர்,
17.2.2025

அன்புள்ள சுசீலா,

சிரிக்கவில்லை. சர்க்கரை என்று படித்ததும் கடையைச் சாத்திவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் கேள்விக்குப் பதில் தேடி ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது வாய் இறங்கவில்லை. பிறகு நானே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் உப்பு எடுத்துவந்தேன். செல்லக்கண்ணு கை தட்டினான்.

சாமையைத் தனியாக அனுப்ப முடியாது. பக்குவத்தை எழுதினாலும் உன் அண்ணி குழைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். கனிஷ்காவுக்கு நான் வடிக்கிறேன். எனக்கு நீ தேங்காய்ச் சாதம் போடு, மச்சான் தோப்புத் தேங்காய் அங்கேயே விளைந்ததுதானே!

கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசியை வீட்டுக்குள் இறக்கிவிட்டேன். அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அரிசி மலையேறி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், சுசீலா. நீ இறங்கிப் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்,
குமாரசாமி