நாதஸ்வரக்காரரின் பெயர்

வெள்ளி, இரவு 10.20

நாளை கொக்குவில் தேவாலய மண்டபத்தில் குகதாசன் நாதஸ்வரம் வாசிப்பது உறுதி. இசையை எழுதிய உடுவில் ஜெயமலர் ரீச்சர் மாலை நான்கு மணிக்குச் சொன்னார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ, அவற்றோடு ஒரு நாதஸ்வரம். இந்த இசையை இரண்டு மாதமாகக் காதால் கேட்டுப் பழகிய நாதஸ்வரக்காரர் குகதாசன் ஒருவர்தான். மாற்று ஆள் கிடையாது.

ஐந்து மணிக்குக் குகதாசனே அளவெட்டியிலிருந்து அழைத்தார். அவருடைய பெரியப்பா செவ்வாய்க்கிழமை காலமானார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை துடக்கு, சாவுத் தீட்டு; குழலைத் தொடக்கூடாது.

“அண்ணை, ரீச்சருக்காக ஊதுறன். என்ரை பேரை மட்டும் போட்டிடாதேங்கோ. துடக்கோடை மேடையேறினான் எண்டு கோயில்காரர் அறிஞ்சால் திருவிழா வேறை ஆளுக்குப் போயிடும்.”

“ஓம், போடமாட்டன்” என்றேன். கச்சேரி பற்றிய கட்டுரையை அவர் பெயரோடு மதியமே பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

பத்திரிகையில் பக்கம் கட்டும் ரமணனிடம் கேட்டேன், சிரித்தான். “கலைப்பக்கம் அச்சுக்குப் போயிட்டுது அண்ணை. படத்துக்குக் கீழையும் அவரின்ரை பேர் கிடக்கு. பேரில்லாமல் படம் போட்டால் ஏசுறது நீங்கள்தானே?”

குகதாசன் என் சொல்லை நம்பிப் படுத்திருப்பார்.

இனி நிறுத்துவதென்றால் பத்திரிகை ஆசிரியர் சொல்ல வேண்டும். ஆறு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. கலியாண வீட்டில் நிற்கிறாராம். பதினொன்றுக்கு வீட்டுக்கு வருவார் என்கிறார் அவர் மனைவி. அச்சு இயந்திரம் பன்னிரண்டுக்கு ஓடத் தொடங்கும். கோயில்காரர் பேப்பர் வாங்கும் அளவெட்டிச் சந்திக் கடைக்கு அது காலை ஐந்தரைக்குப் போய்ச் சேரும்.