மதகுநிரலின் முத்திரையை உடைக்க

மழை அளவோடு பெய்க. கரைகள் நிலைத்து நிற்க.

நீலவள நாட்டுப் பெருவேந்தர் திருவாய் மொழிந்தருளியபடி, முதலமைச்சர் விழுப்பரையர், கீழ்க்கரை மண்டலம் காக்கும் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் ஆவினமும் வாழ்க.

கணிமண்டபத்து அரிஞ்சிகை நங்கையைத் தாங்கள் சிறையிட்ட செய்தி கேட்டு, அமைச்சர் பாதிச் சோற்றில் எழுந்தார். பேரணையின் மதகுகளை எப்போது திறப்பதெனக் கணிக்கும் நிரலைப் பேணுபவள் அவள். அதைப் பொறியின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். எவ்வாறு மாற்றினால் நிரல் விரைந்து ஓடும் என்று கம்பைலருக்குச் சொல்பவை ஏவற்குறிகள். அக்குறிகளின் ஆயிரமாயிரம் சேர்க்கைகளைத் தானே ஓட்டிப் பார்த்துச் சிறந்ததைத் தேர ஒரு தேர்வுப்பொறியும் உண்டு. அது தேர்ந்த குறிகளுக்கு அரச முத்திரை இடுவதும், பின்னர் அவற்றைத் தொட்டவரைச் சிறையிடுவதும் இந்நாட்டு வழக்கம்.

சென்ற திங்கள் கம்பைலரின் புதிய பதிப்பு மேளதாளத்தோடு ஏற்றப்பட்டது. குறிகளை எவரும் தொடவில்லை. அவை பழைய பதிப்பில் சோதித்துத் தேர்ந்தவை என்பது அவையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முன்பு குறியிட்டால் மட்டும் செய்த வேலையைப் புதிய பதிப்பு கேளாமலே செய்கிறதென்றும், அதையே குறியும் சேர்ந்து ஏவவே நிரல் ஊதிப்பெருத்துத் தவழ்கிறதென்றும், வேறொரு குறியை அது சத்தமின்றிப் புறக்கணிக்கிறதென்றும் நங்கை விண்ணப்பித்தாள். தாங்களோ அதை அரச துரோகம் என்றீர். அடுத்த மழையிலேயே கணிப்பு பிந்தி, மதகு பிந்தித் திறந்து, பேரணைக்குக் கீழுள்ள ஆலங்கரைத் தொழுவங்களை வெள்ளம் வாரிச் சென்றது. சிறையிலிருந்து அவள் கேட்டனுப்பியது ஒன்றே, இப்போது நீர்மட்டம் என்ன என்பது.

மலையில் மீண்டும் கொட்டுகிறது. அமைச்சருக்கு அச்சமாயிருக்கிறது, அதை மறைக்க அவர் விரும்பவில்லை. பழைய பதிப்புக்கே திரும்பலாம் என்றனர் சிலர். பேரணையில் நிறுவிய புதிய பொறிகளை அது அறியாது. குறிகளை மறுபடி தேரவோ பல நாள் பிடிக்கும், அதுவரை ஆறு காத்திராது.

ஆகவே, ஓலை கண்டவுடன் நங்கையை விடுவிப்பீராக. முத்திரையிட்ட குறிகளை நீக்கி, புதிய பதிப்பின் இயல்பான அமைப்பிலேயே நிரலை மாற்றுவித்து, விடை பிழையாமல் வருவதை அவள் சரிபார்த்தபின் மதகில் ஏற்றுவிப்பீராக. வெள்ளம் வடிந்ததும் தேர்வுப்பொறி புதிதாய் ஓடட்டும். இனிக் குறிகளோடு பதிப்பும் பொறிக்கப்படாத எதற்கும் முத்திரை இல்லை.

அரச முத்திரையை உடைக்கத் தாங்கள் தயங்குவீரென அமைச்சர் அறிவார். இவ்வோலையைப் பிரிக்கத் தாங்கள் உடைத்ததும் அரச முத்திரைதான். வானம் இடிந்து விழவில்லை. மற்றதையும் உடைப்பீராக. ஆலங்கரையில் மக்கள் இன்னும் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

வேந்தர் கண்டருளியது. விழுப்பரையர் கைச்சாத்து.