குப்புசாமிக்கு ஏற்ற பிளேட்டு

4-2-75, செவ்வாய்

கீழ்க்காற்று விடாமல் அடிக்கிறது. புளியமரத்தில் கட்டிய ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாய் வடக்கே திரும்பிக்கொண்டது. ஏறிக் கட்டினேன். முழங்கை சிராய்ப்பு.

சாயங்காலம் தங்கை பாவாத்தாள் வீடு. அவள் புருஷன் குப்புசாமியை ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். ஈரல். என்னோடு செட் கட்டி எருத்தேன்பதி சுற்று வட்டாரமெல்லாம் அலைந்தவன். தன் இழவுக்கு வழக்கமான ஒப்பாரிப் பிளேட்டு வேண்டாமாம்.

“ஊரா ஊட்டு எழவுக்கெல்லாம் அதையே போட்டுக் காது புளிச்சுப் போச்சுங் மச்சான். நம்ம இங்கிலீசு பிளேட்டுல நல்லதா ஒண்ணு சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

5-2-75, புதன்

இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் அறுபதுகளில் வந்தவை. கோயம்புத்தூர் பழைய சாமான் கடையில் பொறுக்கியது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. கேட்கத் தெரிந்தால் போதும்.

மஞ்சள் அட்டை. நாலு பையன்கள், ஒரே சட்டை. கல்யாணத்துக்குப் பிரமாதம். இதற்கு ஆகாது.

குதிரை அட்டை. கிட்டாரைக் கிழிக்கிறான். அதுதான் அழகு. காதுகுத்தில் வைத்தேன், கிழவர்கள் அடிக்க வந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

படகு அட்டை. ஒரு பெண், ஒரே கிட்டார். அடிக்கடி நிறுத்தி மூச்சு விட்டுப் பாடுகிறாள். முதல் பக்கம் சுமார். இரண்டாம் பக்கம் கேட்டால் பேச்சு வராது. இதுதான்.

இப்போது வருவதில் ஒன்றுகூடத் தேறாது. டிரம்மைப் போட்டு உடைக்கிறார்கள்.

7-2-75, வெள்ளி

பேட்டரியில் ஓடும் பாட்டுப் பெட்டியைத் தூக்கிப் போய்க் குப்புசாமிக்கு மூன்றையும் போட்டுக் காட்டினேன். குதிரைக்குச் சிரித்தான்.

“இதைப் போட்டா பொணம் எந்திரிச்சு ஆடீருமுங் மச்சான்.”

படகுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு:

“நல்லாத்தானுங் இருக்குது. ஆனா ஒண்ணும் வேண்டாமுங். வாழ்நாளெல்லாம் சத்தம் போட்டாச்சு. சும்மா உட்டுருங்க.”

அவன் மகன் ரங்கன் வாசற்படியில் நின்றான். “கேட்டுக்கிட்டீங்களாங் மாமா? அப்பன் வேண்டாங்கறாரு.”

“நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு போ.”

வேதனையில் பேசுகிறான். தெளிவாக இருந்த நாளில் கேட்டதுதான் கணக்கு.

தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

9-2-75, ஞாயிறு

விடியற்காலம் குப்புசாமி போய்விட்டான்.

போய்ப் பார்த்தால் செட் இல்லை. குழாய் கட்டாத இழவு வீடு இந்தப் பக்கம் எங்கே உண்டு? செட்டுக்காரன் சாவுக்கே பாட்டு இல்லை என்றால் எவன் மதிப்பான்? அவனை மட்டுமா, என்னையும்தான்.

வண்டியில் செட்டை ஏற்றி வந்தேன். அவர்கள் வரப்புப் பனையில் குழாயை வீட்டைப் பார்த்துக் கட்டினேன். படகுப் பிளேட்டு, இரண்டாம் பக்கம். பந்தலில் மாரடித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் கையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள்.

ரங்கன் ஓடிவந்தான். “ஏனுங் மாமா, உங்களுக்கு மனுசன் பேச்சே காதுல உழுகாதுங்களா?”

பெட்டிக்குக் குறுக்கே நின்றேன். தொடவில்லை, போய்விட்டான்.

பிறகு பாவாத்தாள். அவிழ்ந்த தலையோடு வெயிலில் வரப்பேறி வந்தாள்.

“அவரு வேண்டாமுன்னது என்ற காதுலயும் உழுந்துதுங்ணா. நிறுத்துங்ணா.”

“பக்கம் முடியட்டும்.”

முடியும்வரை அங்கேயே நின்றாள். அழவில்லை. நான் ஊசியை எடுத்ததும் திரும்பி நடந்தாள்.

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் போட வேண்டும். பையில் கொண்டு போயிருந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் சித்தப்பன் மகனை முன்னால் வரச் சொன்னாள். அவன் கொண்டுவந்த சேலைக்குத் தலை குனிந்தாள். பனையடியிலிருந்து பார்த்தேன்.