பத்தியச் சோறும் பேச்சி மதினியும்

ஜூன் 9, திங்கள்

காலையில் தூறல். காற்று வேறு. ஜெர்கின் எடுக்க மறந்து கம்பெனி பஸ்ஸுக்கு நின்று நனைந்தேன்.

வாங்க வேண்டியது: பூண்டு, மிளகு, பேபி சோப்பு, அரிசி. அரிசி மட்டும் அத்திப்பள்ளிக்குப் போய்த்தான். அங்கே கிடைக்கிற சோனா பச்சரிசி மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. என் மனைவி மாரியின் அக்கா பேச்சி மதினிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பிரசவம் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்தவள், மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டையே தன் வீடாக்கிவிட்டாள். தண்ணீர் தெளிகிறவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கஞ்சியைச் சுத்தமாக வடித்து, நெய் விட்ட சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு. பிரசவம் ஆனதிலிருந்து மாரிக்கு இதுதான். பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. கடலை பித்தம். கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி எல்லாம் வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாவின் மாட்டுக்கு. மாடு பளபளவென்று இருக்கிறது.

பையனுக்கு மூன்றாவது மாதம். முன்னெல்லாம் அவன் அழுதால், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டு முருகேசன் சுவரைத் தட்டுவார். இந்த வாரம் தட்டவே இல்லை. "புள்ள சமத்தாயிட்டான், பாத்தியளா தம்பி" என்று மதினி. எனக்கும் பெருமை.

ஜூன் 11, புதன்

பால் குடித்ததும் கக்குகிறான். அழ வாயைத் திறக்கிறான், காற்றுதான் வருகிறது. தொண்டை கட்டியிருக்கும் என்கிறாள் மாரி. அவளுக்கும் கால் மரத்துப்போகிறதாம், பாதம் எரிகிறதாம். பிரசவ அசதி என்று விட்டுவிட்டோம்.

மதினி பத்தியத்தை இன்னும் இறுக்கிவிட்டாள். நெய்யும் கிடையாது. "தாய்க்காரிக்குச் சேராதது என்னமோ உள்ள போயிருக்கு. இனி வெறுஞ்சோறும் மிளகுதண்ணியுந்தான்." லட்சுமியம்மா கொண்டுவந்த ராகி களியை மாரி கேட்டிருக்கிறாள். கொடுக்கவில்லை. கடைசியில் நான் தின்றேன்.

ஜூன் 12, வியாழன்

எழுத்து கிறுக்கலாக வருகிறது. பரவாயில்லை.

பாதி ஷிப்டில் போன். பையனுக்கு மூச்சு இழுக்கிறது, உதடு நீலம். சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை, "ஓடுய்யா" என்றார். ஆட்டோ. பெரிய ஆஸ்பத்திரி. வழியெல்லாம் மதினி அவன் நெஞ்சில் கை வைத்தபடியே வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஸ்கேன் பார்த்துவிட்டு இதயம் வீங்கியிருக்கிறது என்றார். அப்புறம் மாரியிடம், "நீங்க தினமும் என்ன சாப்பிடறீங்க?" குழந்தை இப்படிக் கிடக்கும்போது இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம். மதினி சொன்னாள். ஒன்று விடாமல், அரிசியை எப்படிக் கழுவுகிறாள் என்பது வரை.

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பி, "தயமின் எடுங்க. இப்பவே." எங்களிடம், "மத்த மருந்தும் கூடவே குடுப்போம். ஆனா நான் நினைக்கிறதா இருந்தா, இதுலயே சீக்கிரம் தெரிஞ்சிடும்."

கடவுளே.

ஜூன் 13, வெள்ளி

நல்ல வெயில்.

மூச்சு இழுப்பு இறங்கிவிட்டது. உதடு சிவப்பு. பால் குடித்தான், கக்கவில்லை. இத்துனூண்டு மருந்து! நேற்று அவன் பிழைப்பான் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை, இன்றுதான் இதை எழுதத் தைரியம் வருகிறது.

டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிந்தவரை: தயமின் என்பது பி1 வைட்டமின். அது இல்லாவிட்டால் இதயமும் நரம்பும் ஓயும். அரிசியில் அது மேல் தவிட்டில்தான் இருக்கிறது, வெள்ளையாகத் தீட்டும்போது போய்விடுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் கழுவும் தண்ணீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் போகிறது. புழுங்கல் அரிசியாக இருந்திருந்தால் கொஞ்சமாவது உள்ளே தங்கியிருக்கும். உடம்பு அதைச் சேர்த்தும் வைக்காது, தினமும் வேண்டும். பருப்பு, பயறு, கடலை, சிறுதானியம், எல்லாவற்றிலும் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். "அம்மா உடம்புல இல்லைன்னா பால்ல எங்கிருந்து வரும்?" குரல் அடைத்ததும் இதனால்தான். அது திரும்பக் கொஞ்ச நாளாகுமாம். மாரிக்கும் மாத்திரை.

எழுத வேண்டியது இதுதான். வார்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க மதினி சொன்னாள்: "டாக்டரம்மா, மாரி மேல தப்பு இல்ல. அவ பருப்பு கேட்டா, களி கேட்டா. நாந்தான் குடுக்கல."

"உங்க மேலயும் தப்பில்லம்மா. நல்லதுன்னு நினைச்சுத்தான செஞ்சீங்க."

"அது கிடக்கட்டும். இனி என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

நானாக இருந்தால் விதி, கண்ணேறு என்று எதையாவது சொல்லி நழுவியிருப்பேன். இவள் அழக்கூட இல்லை. புழுங்கலரிசியைக் கழுவலாமா, ஒரு தண்ணி போதுமா, கஞ்சியை வடிக்காம விடணுமா, பயறை முளை கட்டலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பையன் இன்னும் ஆஸ்பத்திரியில். தேறுகிறான். குரல் மட்டும் இல்லை. வாய் திறந்து முகம் சிவக்க அழுகிறான், சத்தமில்லை. பார்க்கவே முடியவில்லை. மாரி "எம்புள்ள ஊமையாயிடுவானா" என்று கேட்கிறாள்.

மாரிக்குச் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போனேன். தண்ணீர் லாரி வந்திருந்தது. குடத்தோடு நின்ற பெண்களிடம் மதினி பேசிக்கொண்டிருந்தாள். கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்குப் போன வாரம்தான் பிரசவம். அவளுடைய மாமியாரிடம்: "நான் செஞ்ச மாதிரி செஞ்சிராதிய. எங்க புள்ள சாவக் கிடந்தான். அவளுக்குப் பருப்புச் சோறு குடுங்க." அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி விடவில்லை, கூடவே போய்ச் சொன்னாள்.

லட்சுமியம்மா, "ஏம்மா பேச்சி, மாட்டுக்கு ரெண்டு நாளா தண்ணி காணோம்?"

"உங்க மாட்டத்தான இத்தன நாளா வளத்திருக்கேன். போதும். எனக்குக் களி கிண்டச் சொல்லிக் குடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லட்சுமியம்மாவுக்குத்தான் கண் கலங்கியது. முதல் களி கட்டி தட்டிப்போனது. அதை மதினியே தின்றாள்.

மீதிப் பச்சரிசியை என்ன செய்ய? இட்லிக்கு.

ஜூன் 19, வியாழன்

நேற்று டிஸ்சார்ஜ். இன்று லீவு. மேகமூட்டம். மாரி இரண்டு உருண்டை களி, கொள்ளுக் குழம்பு. கால் எரிச்சல் குறைந்திருக்கிறதாம். மதினி அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் சாப்பிட மறந்துவிட்டாள். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. நேரில் சொன்னால் "போங்க தம்பி" என்பாள். அதனால் இங்கே.

மத்தியானம் பையன் எழுந்தான். மதினி தூக்குவதற்குள் அழுதான். முதலில் கரகரவென்று, அப்புறம் வீடே அதிரும்படி. மாரி எச்சில் கையோடு ஓடிவந்தாள். மதினி அவனைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் அழுகிறாள், அவனைவிடச் சத்தமாக.

முருகேசன் சுவரைத் தட்டுகிறார். தட்டட்டும்.