திருநீறு துடைத்த பிறகு எடுத்த படம்

1999, ஆடி மாதம், செவ்வாய் இரவு.

திருவிடந்தையில் மீன் விற்கும் பாக்கியம் அம்மாளை, மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டர் இன்று எங்கள் ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியிருந்தார். மூன்றே வாரத்தில் இடது மார்பு வீங்கிச் சிவந்துவிட்டதாம். பால் கட்டின மாதிரி வலிக்கிறது என்றார். கடைசிப் பிள்ளைக்கே இருபது வயது.

முதல் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. புற்றுநோய்க்கும் இப்படிப் புள்ளிகள் விழும். பிறகுதான் கவனித்தேன், சிவந்த இடத்தில் திருப்போரூர் கோயில் திருநீற்றைக் குழைத்துப் பூசியிருந்தார். அதுவும் படத்தில் விழும்.

"தொடச்சிட்டு வாங்கம்மா, இன்னொரு படம் எடுக்கணும்."

"சாமி துன்னூறும்மா. தொடச்சா இன்னா ஆவுமோ?" என்றபடியே ஈரத்துணியால் துடைத்தார்.

இரண்டாவது படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அதே படத்தில் தோல் கண்ணில் பட்டது. வலது பக்கத்தைவிட மூன்று மடங்கு தடித்திருந்தது. போன ஆடியில் இதே மாதிரி ஒரு படம் எடுத்தேன். அந்த அம்மா பொங்கலுக்கு உயிரோடு இல்லை.

நோயைச் சொல்வது டாக்டரின் வேலை. "நாளைக்கே ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நாளிக்கி மீன் ஏலம் கீது கண்ணு. அடுத்த வாரம் வரேன்."

"இல்லம்மா, நாளைக்கே வரணும்."

"இன்னாத்துக்கு பயப்படுத்துற? நீதான் படத்தப் பாத்து சிரிச்சியே!"

நிம்மதியாகப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

காலை முதல் பஸ்ஸில் ஏலம் நடக்கும் இடத்துக்கே போகிறேன். என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பார். நான் சிரிக்கக்கூடாது.