மரப்பலகைக்கு அடியில் ஒரு கல்யாணம்

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுக்கப் பழைய மரக்கடையில். மணமக்கள் கண்காட்சிக்கு இன்னும் பதினொரு நாள்தான். எங்கள் கல்யாண போட்டோ ஸ்டாலைப் பழைய மரமும் சாக்குத்துணியுமாக, ஒரு கொட்டகை போலப் பண்ணுவதென்று முடிவு. பளபளப்பு எதுவும் கூடாது. தச்சருக்கு இதில் வருத்தம். "பாலிஷ் வேணாம், ஆணி ஓட்டையை அடைக்க வேணாம்னா, எனக்கு என்னம்மா வேலை?"

எந்தப் பலகை எங்கே வரும் என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்க, இருந்ததையெல்லாம் படம் எடுத்தேன். முந்நூற்று நாற்பது படம். கொஞ்சம் அதிகம்தான்.

மார்ச் 4, புதன்

கை ஓடவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணி முடித்த மெமரி கார்டைப் பெட்டியில் கவிழ்த்து வைப்பேன். பண்ணாதது நிமிர்ந்திருக்கும். எட்டு வருஷமாக இதே பழக்கம். சனிக்கிழமைக் கல்யாணம் முடிந்து வந்த களைப்பில், காப்பி பண்ணாமலே ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நேற்று மரக்கடைக்குப் போகும்போது அதைத்தான் எடுத்தேன். அழித்தேன். அதன்மேல் பலகைகளைப் படம் எடுத்தேன்.

மோதிரம் மாற்றியது, கையெழுத்துப் போட்டது, எல்லாம் அதில்தான். காலையில் பெண் அலங்காரம் பண்ணிக்கொண்ட படங்கள் வேறு கார்டில் பத்திரமாக இருக்கின்றன. கேமராவில் அதே படத்தை இன்னொரு கார்டிலும் பதியும் இடம் கெட்டு ஒரு மாதமாகிறது. "அடுத்த வாரம்" என்று தள்ளிப்போட்டது யார்? நான்தான். வேற யாரு.

அந்தப் பெண்ணின் அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். படத்தில்தான் பார்க்கப் போகிறார் என்று அன்றைக்கே என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடை. அவர் கார்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அழிச்சது பரவாயில்லம்மா. அதுமேலயே எடுத்துட்டீங்களே."

முதல் பாதி போச்சு. பின்பாதி கிடைத்தது. பின்பாதி என்பது விருந்து. இருநூறு பேர் வாயைத் திறந்து சாப்பிடுகிறார்கள். ஒவ்வொருவர் முகமும் அவ்வளவு தெளிவு. கடையிலேயே அழுதுவிட்டேன். அவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மார்ச் 9, திங்கள்

பெண்ணிடமிருந்து மெசேஜ். "அக்கா, மோதிரம் போடற படம் ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க. அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

"எடிட்டிங்ல இருக்கும்மா" என்று அனுப்பினேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஸ்டுடியோவில் வாடிக்கையாளர்களிடம் பேசுவதெல்லாம் நாத்தனார்தான். ஸ்டால் நடுவில் நாலடி உயரத்துக்கு ஒரே ஒரு படம் வைக்கலாம் என்கிறாள். எந்தப் படம்? அதே மோதிரப் படம். "ஜன்னல் வெளிச்சத்துல அருமையா வந்துச்சுன்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க?" சொன்னேன்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே எனக்கு.

நிறம் சரியில்லை என்று ஏதோ உளறினேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன். போன வருஷத்து ஜோடி ஒன்றைப் போடச் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

தண்ணீர்க்காரர் போனுக்கெல்லாம் பயப்படுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

தச்சர் ஸ்டால் தரைக்குப் பலகை அடித்து முடித்தார். தரையிலிருந்து நாலு விரல் உயரம், ஏறி நின்றால் லேசாக முனகும். நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒவ்வொரு பலகையும் பழகிய முகமாகத் தெரிகிறது. இதில் எந்தப் பலகை அவள் மோதிரத்தின்மேல் உட்கார்ந்தது? முதல் பலகையா, பத்தாவதா? பைத்தியம் பிடிச்சிடும் எனக்கு.

மதியம் அவள் மெசேஜ்: சனிக்கிழமை கண்காட்சிக்கு வருகிறார்களாம். அம்மாவோடு.

மார்ச் 13, வெள்ளி

காய்ச்சல் வந்தால் தேவலை. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து நாள் இருந்துதே. என்ன பண்ணிட்டு இருந்தேன்? சாக்குத்துணிக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன்.

மார்ச் 14, சனி

பதினொரு மணிக்கு வந்தார்கள். அம்மா சக்கர நாற்காலியில்.

நாற்காலி மேலே ஏறவில்லை. நாலு விரல் உயரத்தில் தளம் போடச் சொன்னேனே, ஒரு சாய்வுப் பலகை போடத் தோன்றியதா? உள்ளே, மறைவில், ஜோடிகளோடு உட்கார்ந்து பேச இடம் பண்ணியிருந்தேன். அங்கே கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நான்தான் கீழே இறங்க வேண்டியதாயிற்று, போகிற வருகிறவர்கள் நடுவில்.

"அக்கா, படம் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

நாற்காலி பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னேன். கார்டு, மரக்கடை, விருந்து, எல்லாம். நாத்தனார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நாலாம் தேதி."

"ஒன்பதாம் தேதி எடிட்டிங்ல இருக்குன்னு சொன்னீங்க."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். அம்மா சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். "இரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலயே நின்னு பார்த்தவதானே? சொல்லு. எப்படி இருந்தா என் பொண்ணு?"

எனக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் தோளில் விழுந்த நிழல் ஞாபகம் வந்தது. அவள் முகம் வரவில்லை. அழுதாளா என்று கேட்டார். தெரியவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றும் தெரியவில்லை.

"விரல் நடுங்கிச்சும்மா" என்றேன். "மோதிரம் போடறப்ப. படம் கலங்கிடுமோன்னு கேமராவுல ஸ்பீடை ஏத்தினேன். ரெண்டு தடவை."

"எந்த விரல்?"

"அஞ்சும்."

அம்மா சக்கரத்தை விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் என்னைப் பார்க்காமலே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மார்ச் 15, ஞாயிறு

கண்காட்சி இரண்டாம் நாள். ஸ்டால் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் பதிவு செய்யவில்லை. நேற்று நடந்ததை எத்தனை பேர் பார்த்தார்களோ.

மாலையில் விளக்கைக் கழற்றும்போது நாத்தனார், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணி. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

மதியம் போன். அந்தப் பெண்ணின் எண். எடுப்பதற்குள் இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாம் தடவை எடுத்தேன். அம்மாதான்.

"மோதிரம் வரைக்கும் சொன்னே. கையெழுத்து யார் முதல்ல போட்டா?"

"உங்க பொண்ணுதாம்மா. பேனா எழுதல. மாப்பிள்ளை தன்னோட பேனாவைக் கொடுத்தார். அப்புறம்..."

சற்றுத் தள்ளியிருந்து மகளின் குரல், எரிச்சலோடு.

"அவர் பேனாவும் எழுதலக்கா. உங்க பேனாவைத்தான் வாங்கினேன். பையிலேருந்து எடுத்து நீங்கதான் மூடியைக் கழட்டிக் கொடுத்தீங்க. அதுகூட ஞாபகம் இல்லையா?"

இல்லை என்றேன்.

"சரி, இருங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கும் எனக்குமாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.