மாமியார் பக்கம்

ஷோவா 18 (1943), ஜூன் 6

காலையில் மழை. மதியமும் மழை. சோற்றில் பாதிக்கு மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஜப்பானை விட்டு நியூகினிக்கு வந்ததிலிருந்து இதே கதைதான், எழுத என்ன இருக்கிறது என்று நேற்று வரை சும்மா இருந்தேன். இன்று எழுதியே ஆக வேண்டும். வயிறு எரிகிறது.

பயிற்சிக்காக நம் சண்டை விமானம் ஒன்று எங்கள் குண்டுவீச்சு விமானத்தைத் துரத்தியது. நான் மேல் துப்பாக்கிக்காரன். வால் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பின்னால் இருந்து எவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று நான் கத்த வேண்டும், உடனே மகிதா அண்ணன் விமானத்தை அந்தப் பக்கமே வெட்டித் திருப்புவார். அப்போதுதான் வருகிறவனின் குறி தப்பும். மாற்றித் திருப்பினால் நம் முதுகைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல.

"வலது!" என்று கத்தினேன். அவன் வந்தது இடது பக்கம்.

தரையிறங்கியதும் லெப்டினன்ட் கோமுரோ எல்லா மெக்கானிக்குகளுக்கும் முன்னால் பிடித்துக்கொண்டார். "மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியுமேய்யா! சாப்பிடற குச்சியப் பிடிக்கிற கை வலது, கிண்ணத்தப் பிடிக்கிற கை இடது. உனக்கு உங்க வீட்டுல சோறே போடலையா?"

போட்டார்கள். நான் குச்சியைப் பிடித்தது நொட்டாங்கையில். அம்மா அடித்து அடித்துச் சோத்தாங்கைக்கு மாற்றினாள். கை மாறியது, தலை மாறவில்லை. நிதானமாக இருந்தால் சரியாகச் சொல்வேன். பதறினால் வலதுக்குப் பதில் இடது வந்து நிற்கும். அது போதாதென்று, பின்னால் பார்த்து உட்கார்ந்தவனுக்குத் தன் வலது விமானத்தின் இடது. இத்தனையும் மண்டைக்குள் திருப்பிப் போட்டு நான் வாய் திறக்கிற வரைக்கும் எதிரி வெற்றிலை போட்டுக்கொண்டா இருப்பான்?

"இன்னொரு தடவை மாத்திச் சொன்னே, இறங்கிடணும். கூடாரத்துல உக்காந்து துப்பாக்கி துடைச்சிக்கிட்டு கிட. உன் இடத்துல தெராசாவா ஏறுவான்."

தெராசாவா மாற்று ஆள், எங்கள் படையில் உபரியாக இருக்கும் துப்பாக்கிக்காரன். பக்கத்திலேயே நின்று பல்லைக் காட்டினான். காட்டட்டும். நான் இறங்க மாட்டேன்.

ஜூன் 7

கனவிலும் வலது, இடது. கனவிலும் தப்பு.

ஜூன் 9

ஓடையில் துணி துவைக்கும்போது மகிதா அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு, எதையும் விடமாட்டார்கள்.

"டேய் உசாமி, நீ நொட்டாங்கைக்காரன்தானே?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாதடா. சட்டையப் பிழியறப்ப பாத்தேன்."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி? இனாபா சிரித்தான். இனாபா எங்கள் தந்திக்காரன். கீழே இருந்து எதிரி வந்தால் தந்தியை விட்டுவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, விமானத்தின் வயிற்றுத் திறப்பில் உள்ள துப்பாக்கியைப் பிடிக்க வேண்டியவனும் அவன்தான். "உனக்காவது கைதான் ரெண்டு. எனக்குப் பொண்டாட்டியே ரெண்டு. தந்தியத் தொட்டா துப்பாக்கி கோவிச்சுக்குது, துப்பாக்கியத் தொட்டா தந்தி கத்துது" என்றான்.

விமானத்தின் மூக்குக் கூண்டில் இருப்பவர் கோமுரோ. வரைபடம், குண்டு, முன் துப்பாக்கி எல்லாம் அவர் பொறுப்பு, எங்கள் நால்வருக்கும் தலைவர். ஓட்டுகிறவர் தலைவர் இல்லை என்பது மகிதா அண்ணனுக்கு நிரந்தர மனத்தாங்கல். "முன்னாடி உக்காந்தவர் அதட்டறாரு, பின்னாடி உக்காந்தவன் தப்பா சொல்றான், நடுவுல நான் ஒருத்தன்" என்று பெருமூச்சு விட்டார். பிறகு திடீரென்று, "உனக்குப் பின்னாடி என்னடா தெரியும்?" என்று கேட்டார்.

"வால். ரெண்டு பக்கமும் இறக்கையோட பின் ஓரம்."

"ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு?"

எங்கே ஒரே மாதிரி! இடது இஞ்சின் எண்ணெய் கக்கி இறக்கை முழுக்கக் கருப்பு வழிந்திருக்கிறது. எவ்வளவு சேவை செய்தாலும் முணுமுணுப்பு, எப்போது பார்த்தாலும் எண்ணெய் வழியும் மூஞ்சி. மெக்கானிக்குகள் அதை மாமியார் என்பார்கள். வலது இஞ்சின் போன மாதம் மாற்றியது, சத்தமே வராது. அது புதுப்பொண்ணு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மாமியார் எந்தப் பக்கம்னு நான் யோசிக்கவே வேணாமேண்ணே!" என்று துள்ளிவிட்டேன். துவைத்த சட்டை ஓடையோடு போய்விட்டது. போகட்டும்.

ஜூன் 13

ஜெயித்தேன்! ஜெயித்தும் தோற்றேன்.

மறுபடி பயிற்சி. அதே சண்டை விமானம். மேகத்துக்குள்ளிருந்து கருப்பு இறக்கைப் பக்கம் பாய்ந்தது. பேச்சுக் குழாயில் "மாமியார்!" என்று கத்தினேன். மகிதா அண்ணன் வெட்டினார், அவன் காற்றைக் கிழித்துக்கொண்டு வெறுமனே கடந்தான். அடுத்து "புதுப்பொண்ணு!" அடுத்தும் "புதுப்பொண்ணு!" ஒரு தடவைகூட அவனால் எங்களைப் பிடிக்க முடியவில்லை. கீழே வந்ததும் அந்த விமானி என் முதுகில் தட்டி, "உனக்குப் பின்னந்தலையிலயும் கண்ணாய்யா?" என்று கேட்டான்.

கோமுரோ முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. மூக்கில் உட்கார்ந்திருந்தவர் குழாயில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மாமியாராம், புதுப்பொண்ணாம்! இது போர் விமானமா, கல்யாண வீடா? வலது, இடதுன்னுதான் விதி. நாளைக்கு உன் இடத்துல வேற எவனாவது வந்தா அவனுக்கு என்ன புரியும்?"

"புரியறவன் நானே இருக்கேனே, ஐயா" என்றேன். வாயைக் கட்டியிருக்கலாம். யார் கட்டுவது?

"இல்லை. இனிமே தெராசாவா பறப்பான்."

அவ்வளவுதான். நல்லா செஞ்சதுக்கு இதுவா கூலி? தப்பு செஞ்சப்ப ஒரு வாய்ப்பு குடுத்தாரு, சரியா செஞ்சா தூக்கி எறியறாரு! அந்த இருக்கை குறுகல், வெயிலில் கொதிக்கும், மழையில் ஒழுகும். இருந்தாலும் அது என் இடம். அங்கே உட்கார்ந்தால்தான் அந்த மூன்று பேரின் முதுகுக்கும் நான் பொறுப்பு என்று தோன்றுகிறது. வேறு ஒருவனை நம்பி அவர்களை அனுப்பிவிட்டு, எந்த முகத்தோடு கூடாரத்தில் உட்கார்ந்து துப்பாக்கி துடைப்பேன்?

ஜூன் 14

தெராசாவா தன் பஞ்சணையைக் கொண்டுவந்து என் இருக்கையில் போட்டு உட்கார்ந்து பார்த்தான். திமிர்.

ஜூன் 16

தெராசாவாவுக்கு மலேரியா. போர்வைக்குள் நடுங்குகிறான். பாவம்தான். ஆனால் பொய் எழுத மாட்டேன்: சந்தோஷமாக இருந்தது. கொய்னா மாத்திரையும் கஞ்சியும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மனசாட்சிக்காக.

நாளைக்கு மட்டும் நீ ஏறு என்றார் கோமுரோ. அரிசியும் மருந்தும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் கரையோரமாக வருகின்றன, அவற்றுக்கு மேலே காவல். "விதிப்படி கத்தணும். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 17

உயிரோடு இருக்கிறோம். நாலு பேரும். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

கப்பல்களுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தோம். கப்பல் தளத்தில் இருந்தவர்கள் தொப்பியை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். நிமிர்ந்தபோது சூரியனுக்குள்ளிருந்து மூன்று புள்ளிகள். இரட்டை வால். அமெரிக்கர்கள்.

முதல் ஆள் பாய்ந்தான். வாய் திறந்தேன். விதிப்படி. வலதா? இடதா? என் வலதா, விமானத்தின் வலதா? ஒன்றும் வரவில்லை. இறக்கையில் படபடவென்று ஓட்டைகள் விழுந்தன. முன்னாலிருந்து கோமுரோ அலறுகிறார்: "எந்தப் பக்கம்? உசாமி! எந்தப் பக்கம்?"

கருப்பு வழிந்த இறக்கை கண்ணில் பட்டது. விதியாவது மண்ணாங்கட்டியாவது!

"மாமியார்! மாமியார்! மாமியார்!"

மகிதா அண்ணன் வெட்டிய வெட்டில் என் தலை கண்ணாடியில் மோதியது. மாலை போல வந்த குண்டுகள் வாலுக்குப் பக்கத்தில் சும்மா போயின. எப்போது மாற்றினேன் என்று தெரியாது, துப்பாக்கியின் பிடி என் நொட்டாங்கையில் இருந்தது. துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் எத்தனை தடவை சோத்தாங்கையில் பிடிக்கப் பழக்கினார்கள்! இன்று அது பிறவியிலேயே அங்கே இருந்த மாதிரி உட்கார்ந்தது. சுட்டேன்.

"கீழ ஒருத்தன்!" என்று இனாபா கத்தினான். தந்தியை விட்டுவிட்டுக் குப்புறப் பாய்ந்திருக்கிறான். அவன் துப்பாக்கிச் சத்தம் என் காலுக்கடியில் அதிர்ந்தது. அவன் சுடச்சுட, கீழிருந்து வந்தவன் பயந்து மேலே எழும்பினான், நேரே என் கண்ணுக்கு முன்னால். அப்போதுதான் அந்தக் குரல் குழாயில் வந்தது. கோமுரோவின் குரல். என் காதையே நான் நம்பவில்லை.

"உசாமி! எவ? மாமியாரா, புதுப்பொண்ணா?"

"புதுப்பொண்ணு, ஐயா!"

"மகிதா, புதுப்பொண்ணு! திருப்பு, திருப்பு!"

விமானம் திரும்பியது. அவன் என் எதிரே குறுக்காகப் போனான், நான் விரலை எடுக்கவில்லை. ஒரு இஞ்சினில் புகை. மேகத்துக்குள் இறங்கிப் போனான். மற்ற இருவரும் அவனோடு போய்விட்டார்கள். அவனும் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. இன்றைக்கு அதை யோசிக்க மனமில்லை.

கப்பல்கள் இரண்டும் கரைக்கு வந்தன. இறங்கியதும் மகிதா அண்ணன் புல்லில் படுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். இனாபா அழுதான். நான் இரண்டும் செய்தேன். கோமுரோ இறக்கையின் ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு நடந்து போனார்.

ஜூன் 18

கப்பல்காரர்கள் சாக்கே மது அனுப்பினார்கள், விசேஷ நாளில் சமைக்கிற சிவப்பு அவரை போட்ட சோறும் அனுப்பினார்கள். எங்கள் நாலு பேருக்கும் நடு இடம். பசியில் அள்ளி அள்ளித் தின்றேன். பாதியில் எல்லோரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. குச்சி நொட்டாங்கையில் இருந்தது. இருபது வருஷம் அடக்கி வைத்த கை, ஒரே நாளில் துணிந்துவிட்டது.

"மாத்தாதடா, அந்தக் கைக்குத்தான் இந்தச் சோறு" என்றார் மகிதா அண்ணன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அதே கையால் இன்னொரு கிண்ணம் தின்றேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சோறு தின்றதில்லை.

கோமுரோ பார்த்தார். சிரிக்கவில்லை. இருக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. தெராசாவாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஜூன் 23

குண்டு பட்டதால் மாமியாரைக் கழற்றிவிட்டார்கள். புது இஞ்சின் மாட்டி, இறக்கையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே சுத்தம். நாளைக் காலை பறக்க வேண்டும். என்னையா ஏற்றுவார்கள்? ஏற்றினாலும் நான் என்னத்தைச் சொல்லிக் கத்துவேன்? நேரே போய்க் கேட்டுவிடுவோம் என்று விமானத்துக்குப் போனேன்.

லெப்டினன்ட் கோமுரோ ஏணியில் நின்றிருந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கையில் பழைய எண்ணெய் டப்பா, இன்னொரு கையில் கந்தல் துணி. பளபளத்த இடது இறக்கையில் கருப்பாக அப்பிக்கொண்டிருந்தார். தலைமை மெக்கானிக் கீழே நின்று கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தான்.

"ஐயா, புது இஞ்சின்யா! ராவெல்லாம் உக்காந்து துடைச்சோம்யா!"

"புதுசா இருந்தா என்ன? எல்லா மருமகளும் ஒரு நாள் மாமியார் ஆக வேண்டியவதான்" என்றார் கோமுரோ, திரும்பாமலே. பிறகு என்னைப் பார்த்தார். மூக்கின் மேலும் எண்ணெய்.

"உன் இருக்கையில ஏறி உக்காந்து பாரு. அங்கிருந்து நல்லா தெரியுதா?"

ஏறினேன். தெராசாவாவின் பஞ்சணை அங்கே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஓரத்துல பூசுங்க, ஐயா" என்றேன். பூசினார்.